நாலு படி மழை

நாலாவது படியையும் டப்பில் கொட்டியபோது கூடத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது.

பாடாலூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் அது. முந்தின நாள் யாருக்கோ நிச்சயதார்த்தம் நடந்திருந்தது. தரையைக் கழுவி விட்டிருந்தார்கள், ஆனாலும் சாம்பார் வாசனை போகவில்லை. நடுவில் ஒரு நீலப் பிளாஸ்டிக் டப், அதில் பாதிக்கு மேல் புளியங்கொட்டை. சுற்றிலும் இருபத்துநாலு பேர், நாலு நாலு பேராக ஆறு குழு. எல்லாரும் அக்கம்பக்கத்து விவசாயிகள். பெண்கள்தான் அதிகம்.

நான் அரிசி அளக்கிற படியைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இதாங்க மழை. ஒரு போகத்துக்கு நாலு படி," என்றேன்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாவது குழுவில் இருந்த செங்கமலம் பக்கத்துப் பெண்ணின் தொடையில் தட்டி, "பாத்தியாடி, நாலு!" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

விளையாட்டு சுலபம் என்று தெரிந்து சந்தோஷப்படுகிறார்கள் என்று நினைத்தேன். என்ன ஒரு ஞானம் பாருங்கள் எனக்கு! அவர்கள் எதைக் கேட்டு முகம் மலர்ந்தார்கள் என்று தெரிய எனக்கு நாலு வாரம் ஆயிற்று.

டப்பும் படியும்

நான் அப்போது விவசாயப் பயிற்சி தரும் ஒரு சின்ன அமைப்பில் வேலை பார்த்தேன். வீடு அரியலூரில். என் கணவர் ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை கூட வகுப்பு என்று கிளம்பிவிடுகிறாளே என்று அவருக்குக் குறை. அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார், ரசத்தில் உப்பு இல்லை என்பார்.

ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் நடக்கிற விளையாட்டு வகுப்பு அது. விளையாட்டு என்றதும் சிரிக்காதீர்கள். டப் என்பது ஒரு ஊரின் நிலத்தடி நீர். ஒவ்வொரு குழுவும் ஒரு குடும்பம். போகத்துக்குப் போகம் என்ன பயிர் வைப்பது என்று குழு கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும். மக்காச்சோளம் வைத்தால் டப்பிலிருந்து ஒரு கை கொட்டை எடுக்கலாம், பருத்திக்கு இரண்டு, சின்ன வெங்காயத்துக்கு மூன்று. வெங்காயம் வைத்தவருக்கு லாபப் புள்ளி அதிகம். போகம் முடிந்ததும் நான் மழை ஊற்றுவேன். டப் காய்ந்துபோனால் எல்லாருக்கும் தோல்வி. யார் புத்திசாலி என்பது பிறகு பேச வேண்டிய விஷயம், முதலில் எல்லாரும் பிழைக்க வேண்டும்.

திருச்சியில் எங்களுக்குப் பழக்கிக் கொடுத்தபோது இதற்கு நீல நிற மணிகளும் ஒரு பிளாஸ்டிக் டம்ளரும் தந்தார்கள். மணிகளை நான் பஸ்ஸில் விட்டுவிட்டேன். ஆமாம், அதை இன்றுவரை ஆபீஸில் சொல்லிக் காட்டுவார்கள். அதற்குப் பதிலாகத்தான் கடைக்காரரிடம் கெஞ்சி ஒரு மூட்டை புளியங்கொட்டை வாங்கினேன். டம்ளரில் அள்ளினால் கொட்டை தெறிக்கிறது என்று வீட்டிலிருந்த படியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

அந்தப் படியில் இருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

பாலு சாரோடு சண்டை

வகுப்பை என்னோடு சேர்ந்து நடத்தியவர் பாலு சார். பெரம்பலூர்க்காரர், மெதுவாகப் பேசுவார், பேசுவதற்குள் எனக்குப் பொறுமை போய்விடும்.

விளையாட்டை எந்த நிலையில் ஆரம்பிப்பது என்பதை நடத்துகிறவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஆரம்பத்தில் டப்பில் எவ்வளவு தண்ணீர், போகத்துக்கு எத்தனை படி மழை, எத்தனை போகம் ஆட வேண்டும். மழை ஒன்றிலிருந்து ஐந்து படிவரை வைக்கலாம்.

"ரெண்டு வைங்க மேடம். நம்ம பக்கத்து மழை அவ்வளவுதான்," என்றார் பாலு சார்.

"சார், அவங்க பாதிப் பேர் பள்ளிக்கூடத்த விட்டு முப்பது வருஷம் ஆச்சு. மொத நாளே டப்ப காயவிட்டா, 'நமக்கு இதெல்லாம் வராது'ன்னு எந்திரிச்சுப் போயிருவாங்க. அடுத்த வாரம் நீங்களும் நானும் உக்காந்து கொட்டைய எண்ண வேண்டியதுதான்."

"அதுக்காக நாலா?"

"புதுசா வர்றவங்களுக்கு நாலு. பழகுன பெறகு கொறச்சுக்கலாம்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நான் தாளில் நாலு என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டேன்.

நியாயமாகப் பார்த்தால் இந்த விஷயத்தில் எனக்கு முன் அனுபவம் உண்டு. கல்யாணமான புதிதில் ஆலைக் குடியிருப்பில் பொழுது போகாது. என் கணவர் கேரம் கற்றுக்கொடுத்தார். இரண்டு மாதத்தில் பத்துக்கு ஏழு ஆட்டம் நான் ஜெயித்தேன். பக்கத்து வீட்டுப் பெண்களிடம் பெருமையடித்தது கொஞ்சநஞ்சமில்லை. பிறகு ஆலையில் விளையாட்டு விழா வந்தது. அவர் ஆடுவதைப் போய்ப் பார்த்தேன். ஒரே தடவையில் கை எடுக்காமல் ஆறு காய் போட்டார். சிவப்பையும் சேர்த்து!

மூன்று நாள் அவரோடு பேசவில்லை. "நீ ஆசையா வெளயாடணும்னுதானம்மா விட்டுக் குடுத்தேன்," என்று கெஞ்சினார். அவர் என்னைவிட நன்றாக ஆடுகிறார் என்பதுகூட இல்லை என் கோபம். நான் ஜெயித்ததை எல்லாம் திருப்பி வாங்கிக்கொண்டாரே, அதுதான்.

இதை எல்லாம் அனுபவித்தவள்தான் நாலு என்று எழுதி அடிக்கோடு போட்டேன். மனுஷ புத்தி அப்படி.

எல்லாரும் ஜெயித்தார்கள்

வகுப்பு என் கணக்குப்படியே நடந்தது. இரண்டாவது வாரம் ஒருவரும் வராமல் நின்றுவிடவில்லை. மூன்றாவது வாரம் ஒரு கடைக்காரர், "எனக்கும் ஒரு காணி இருக்குதுங்க," என்று சொல்லிக்கொண்டு புதிதாக வந்து உட்கார்ந்தார். படியைச் சாய்க்கும்போது கொட்டைகள் சடசடவென்று விழுகிற சத்தம், 'ஏய் மூணு கை எடுக்காத, ரெண்டு எடு' என்கிற கூச்சல், சிரிப்பு. பாலு சாரை நான் அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

அதிகப் புள்ளி எடுத்தது செங்கமலத்தின் குழு. போகத்துக்குப் போகம் வெங்காயம், வெங்காயம், வெங்காயம். டப் குறையவே இல்லை. எப்படிக் குறையும்? நான்தான் நாலு படி ஊற்றிக்கொண்டிருந்தேனே.

செங்கமலத்துக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். பாடாலூருக்கு மேற்கே உள்ளடங்கிய ஊர். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வெளியூர். இரண்டு ஏக்கரும் இவள் கையில்தான். ஆனால் என்ன விதைப்பது, எப்போது விதைப்பது என்பதெல்லாம் பக்கத்து நிலத்துக் கொழுந்தனார் சொல்வதுதான்.

மூன்றாவது வாரம் முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது அவள் என்னிடம் சொன்னாள்: "இத்தன வருஷத்துல ஒரு போகமாச்சும் நான் சொன்னதப் போட்டதில்ல மேடம். இங்கதான் நான் சொல்றத நாலு பேரு கேக்குறாங்க. இந்த வருஷம் எங்க கொழுந்தனாருகிட்ட சொல்லிட்டேன். 'நீங்க உங்க வெள்ளாமையப் பாருங்க தம்பி, எங்க காட்ட நான் பாத்துக்கறேன்'னு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அரியலூர் போய்ச் சேரும்வரை பஸ்ஸில் நானே சிரித்துக்கொண்டு வந்தேன்.

நிலத்துக்கு நாலு

ஐந்தாவது ஞாயிறு செங்கமலம் வரவில்லை. வகுப்பு முடிந்து கொட்டைகளைச் சாக்கில் அள்ளும்போது பாலு சார் கேட்டார்.

"மேடம், அந்தம்மா ஏன் வரலன்னு தெரியுமா? வெங்காயம் நடுறாங்க. பட்டறைய முழுசாப் பிரிச்சுட்டாங்களாம்."

பட்டறை என்பது எங்கள் பக்கம் விதை வெங்காயத்தைக் காற்றாட வைக்கிற மேடை. தரைக்கு ஒரு முழம் மேலே கட்டையால் தளம் போட்டு, பக்கங்களைத் தட்டியால் அடைத்து, மேலே கீற்று வேய்ந்திருப்பார்கள். வைகாசியில் அதில் பாதியை எடுத்து நடுவார்கள். மழை ஏமாற்றினால் ஆடியில் நட மீதிப் பாதி இருக்கும். எவ்வளவு ஆசை இருந்தாலும் முழுப் பட்டறையை ஒரே மூச்சில் பிரிக்க மாட்டார்கள்.

"ஏன் சார் அப்படிப் பண்றாங்க?"

பாலு சார் சாக்கின் வாயைக் கட்டினார். முடிச்சை நிதானமாகப் போட்டு இறுக்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சித்திர ஒண்ணாந்தேதி அவங்க ஊரு கோயில்ல பஞ்சாங்கம் படிச்சாங்களாம். இந்த வருஷ மழையில கடலுக்குப் பத்துப் பங்கு, மலைக்கு ஆறு, நெலத்துக்கு நாலுன்னு. சுத்துப்பட்டுல எல்லாருக்கும் அது காதுல விழுந்திருக்கு. அடுத்த ஞாயித்துக்கெழம நீங்க வந்து படியத் தூக்கிப் புடிச்சு, 'இதாங்க மழை, நாலு'ன்னீங்க."

கட்டிய சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பஞ்சாங்கத்தில் மழையை மரக்கால் கணக்கில், தானியம் அளக்கிற அளவில், சொல்வார்கள். நானும் அளவுப் படியோடு போய் நின்றிருக்கிறேன். பிளாஸ்டிக் டம்ளராக இருந்திருந்தால் ஒருவருக்கும் அந்த நினைப்பு வந்திருக்காது. பஞ்சாங்கமும் நாலு, படித்த மேடமும் நாலு. அப்புறம் என்ன யோசனை?

"மத்தவங்க?" என்றேன்.

"மத்தவங்க தலைய ஆட்டிட்டு எப்பவும் போல பாதிதான் நட்டாங்க. இந்தம்மாவுக்குத்தான் மொத தடவையா சொந்த முடிவு. உங்கள முழுசா நம்பிட்டாங்க."

தாள் கிள்ளும் இடம்

மறுநாள் காலை முதல் பஸ்ஸைப் பிடித்தேன். பாடாலூரில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் போய், கடைசி ஒரு கிலோமீட்டர் நடந்தேன். மேற்குக் கொல்லையில் ஒரு ஏக்கர் ஏற்கெனவே நட்டிருந்தது. வேப்பமரத்தடியில் செங்கமலமும் நாலைந்து பெண்களும் உட்கார்ந்து, மீதி விதை வெங்காயத்தின் காய்ந்த தாளைக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். சருகு எல்லார் புடவையிலும் ஒட்டியிருந்தது. பக்கத்தில் பட்டறை காலியாக நின்றது.

"வாங்க மேடம்! என்னா இவ்வளவு தூரம்? ஏ, தண்ணி கொண்டாங்கடி," என்று எழுந்தாள் செங்கமலம். அந்த முகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாம் போல இருந்தது.

தண்ணீரை வாங்கிக் குடித்தேன். பிறகு சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"செங்கமலம், அந்த நாலு படி மழை நான் வச்சது. இந்த வருஷத்து மழைக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அஞ்சும் வச்சிருக்கலாம், ரெண்டும் வச்சிருக்கலாம்."

"அப்பறம் ஏன் நாலு வச்சீங்க?"

"நீங்க எல்லாம் புதுசு. மொதல்லயே தோத்துட்டா வரமாட்டீங்கன்னு..."

கிள்ளிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றுவிட்டன. செங்கமலம் கையிலிருந்த வெங்காயத்தைக் குவியலில் போட்டாள்.

"அப்ப நாங்க ஜெயிச்சது?"

எனக்குக் கேரம் போர்டு ஞாபகம் வந்தது.

"தோக்குறது எங்களுக்குப் புதுசா மேடம்? வருஷா வருஷம் தோத்துட்டுத்தான் மறுபடி ஏர் ஓட்டுறோம். தோத்தா ஓடிருவோம்னு உங்களுக்கு யார் சொன்னா?" குரல் உயரவில்லை. அதுதான் தாங்கவில்லை. "எங்க கொழுந்தனாரு நேத்துக்கூடக் கேட்டாரு, 'யார நம்பி அண்ணி பட்டறையப் பிரிச்சீங்க'ன்னு. உங்க பேரச் சொன்னேன்."

"தப்பு என்னுதுதான்மா. மீதிய நடாதீங்க. அதச் சொல்லத்தான் வந்தேன்."

"நடுறதா வேணாமாங்கறத நான் பாத்துக்கறேன். பத்தரை பஸ்ஸ விட்டா அப்பறம் மதியம்தான். கௌம்புங்க மேடம்."

எங்கள் பக்கத்தில் வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்ப மாட்டார்கள். என்னை அனுப்பிவிட்டாள். அந்த ஒரு கிலோமீட்டரும் அழுதுகொண்டேதான் நடந்தேன். சொல்வதில் என்ன வெட்கம்?

செங்கமலம் வைத்த ஆரம்பம்

கடைசி ஞாயிறு. அவள் வரமாட்டாள் என்றே நினைத்தேன். எல்லாரும் உட்கார்ந்த பிறகு, கையில் ஒரு துணிப்பையோடு வந்தாள். நேராக டப்பிடம் போய், என் கையிலிருந்த படியை வாங்கிக்கொண்டாள். கேட்டு வாங்கவில்லை.

"இன்னிக்கி நான் வைக்கிறேன்."

டப்பிலிருந்த கொட்டையில் பாதியை அள்ளிச் சாக்கில் போட்டாள். "நம்ம கெணத்துல தண்ணி இந்த அளவுதான?" என்று பொதுவாகக் கேட்டாள். "இன்னங் கொஞ்சம் எடு," என்றது ஒரு குரல். இன்னும் இரண்டு கை எடுத்தாள்.

"மழை ரெண்டு படி. ஒரு போகம் ஒண்ணுதான். எந்தப் போகம்னு சொல்ல மாட்டேன்."

பாலு சார் என்னைப் பார்த்தார். பார்க்காதது போல நின்றேன்.

பிறகு அவள் துணிப்பையிலிருந்து ஆறு காலி மாவு டப்பாக்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஐந்தாறு கொட்டை போட்டு, குழுவுக்கு ஒன்றாக வைத்தாள். எங்கள் விளையாட்டில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது.

"இது என்னாம்மா?" என்றார் பாலு சார்.

"பட்டறை சார். இது இல்லாம எந்த வூட்டுல வெள்ளாம ஆரம்பிப்பாங்க? ஒரு போகம் போச்சுன்னா இதுலேருந்து எடுத்து மறுபடி வைக்கலாம். எடுத்தா எடுத்ததுதான், திரும்ப வராது."

அன்று ஆட்டத்தில் அனல் பறந்தது. நாலாவது போகத்தில் டப்பின் அடி தெரிந்தது. வெங்காயம் வைத்த இரண்டு குழுக்கள் பயிரை இழந்தன. ஒருவரும் எழுந்து போகவில்லை. டப்பாவைத் திறப்பதா வேண்டாமா என்று அப்படிச் சண்டை போட்டார்கள். "எல்லாரும் ஒரு போகம் சோளத்துக்கு மாறுவோம், தண்ணி ஏறட்டும்," என்று கடைக்காரர்தான் முதலில் சொன்னார். ஐந்து வாரமாக நான் அவர்கள் வாயிலிருந்து வரவழைக்கப் பார்த்த பேச்சு அது. நாலு படி மழையில் அதைச் சொல்ல யாருக்கும் அவசியம் வரவில்லை. சாப்பாட்டு நேரம் தாண்டியும் கூடத்தை விட்டு யாரும் வெளியே வரவில்லை. மண்டபத்துக் காவலாளி சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே நின்றார்.

புதிதாக வருகிறவர்களுக்கு மழையைக் கூட்டித் தர வேண்டும் என்று நினைத்தது நான். மறுபடி ஆரம்பிக்க ஒரு டப்பா கொட்டை போதும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

கிளம்பும்போது மெதுவாகக் கேட்டேன். "மீதி விதை?"

"பட்டறையில திருப்பி ஏத்திட்டேன்," என்றாள். சிரிக்கவில்லை. ஆனால் பஸ் வரும்வரை என் பக்கத்தில் நின்றாள்.

அந்த வருஷத்து மழை

இத்தோடு முடித்திருந்தால் எனக்கு நல்ல பெயர்தான். ஆனால் நடந்தது வேறு.

அந்த வருஷம் வைகாசி கடைசியிலிருந்து மழை இடம் பார்த்து, நேரம் பார்த்துப் பெய்தது. நாலு நாள் வெயில் காய்ச்சல், ஒரு மழை, நாலு நாள் காய்ச்சல், ஒரு மழை. வெங்காயத்துக்கு அதைவிட என்ன வேண்டும்? செங்கமலம் முதலில் நட்ட ஒரு ஏக்கர், பார்த்தவர்கள் கண் படும்படி விளைந்தது. பஞ்சாங்கத்தில் சொன்ன நாலு அப்படியே பலித்தது என்று ஊரே பேசியது.

என் பேச்சைக் கேட்டு நிறுத்தி, ஆடியில் நட்ட மற்ற ஏக்கர், பிடுங்குகிற நேரத்தில் விடாமல் பெய்த மழையில் பாதிக்குப் பாதி அழுகிவிட்டது.

கேள்விப்பட்டு எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. முழுப் பட்டறையையும் வைகாசியிலேயே நட்டிருந்தால் இரண்டு ஏக்கரும் அவளுக்கு வந்திருக்கும். நான் அவசரமாகப் பஸ் ஏறிப் போய், நல்லது செய்கிறேன் என்று ஒரு ஏக்கரைக் கெடுத்துவிட்டேன். மறுபடி அதே பஸ், அதே ஷேர் ஆட்டோ, அதே ஒரு கிலோமீட்டர்.

செங்கமலம் பட்டறையில் புது விதையை ஏற்றிக்கொண்டிருந்தாள். பட்டறை முக்கால்வாசிதான் நிறைந்திருந்தது.

"என்னால உனக்கு ஒரு ஏக்கர் போச்சும்மா," என்றேன். 'நீங்க' எல்லாம் எங்கேயோ போய்விட்டது. "நான் பாட்டுக்கு வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா, நீ முழுசும் நட்டிருப்ப. ரெண்டும் வெளஞ்சிருக்கும்."

"ஆமா, வெளஞ்சிருக்கும்," என்றாள். ஆறுதலுக்காக இல்லையென்று சொல்லவில்லை. கையிலிருந்த கூடையைத் தட்டியின் மேல் சாய்த்து, வெங்காயத்தைப் பரப்பி விட்டாள்.

"வெளஞ்சிருந்தா அடுத்த சித்திரைக்கு நான் எங்க நின்னுருப்பேன் தெரியுமா மேடம்? பட்டறைய மறந்துட்டு உங்க படியப் பாத்துக்கிட்டு நின்னுருப்பேன்."

பிறகு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "சாப்புட்டுத்தான் போவணும்," என்றாள்.